பூவுக்கு ஏற்ற எஞ்சின்

பாசிர் ரிஸ்
சிங்கப்பூர், 14 செப்டம்பர் 2025

அன்புள்ள வர்ஷா அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். கிளமெண்டியில் உங்கள் அக்கா வீட்டில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அக்கா சமையலில் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது என்று வர்ஷா சொன்னாள். சந்தோஷம்தான். ஆனால் இரவில் சோற்றைக் குறையுங்கள், சர்க்கரை ஞாபகம் இருக்கட்டும்.

போனில் எதைப் பேச ஆரம்பித்தாலும் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். அதனால் உங்கள் மகள் உத்தரவு போட்டுவிட்டாள். “ரெண்டு பேரும் வாயத் திறக்காதீங்க. எழுதுங்க, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்” என்கிறாள். யூனிவர்சிட்டி உங்கள் பக்கம் இருப்பதால் தபால்காரியாக இருப்பதில் அவளுக்குச் சிரமமில்லையாம். நீங்கள் திரும்பி வருவதா, இப்படியே இருந்துவிடுவதா என்பதையும் எழுத்திலேயே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்கிறாள். அதை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

நாகம்மா அக்கா லாரியை விற்கப்போகிறார். முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. இத்தனை நாள் என் பூவும் மணமேடைத் தட்டிகளும் அவர் லாரியில்தான் மண்டபங்களுக்குப் போயின. தை மாதத்துக்கு நிறைய ஆர்டர் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி எனக்கென்று ஒரு பிக்கப் இல்லாமல் முடியாது. நான் லைசென்ஸ் எடுத்ததை வர்ஷா உங்களிடம் சொல்லியிருப்பாள்.

பஸ் டிப்போவில் நாள் முழுக்க எஞ்சின்களோடு குடித்தனம் நடத்துகிறவர் நீங்கள். அதிகம் எண்ணெய் குடிக்காத வண்டி எது? டீசலா, பெட்ரோலா, பேட்டரியா? தேக்கா சந்தையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பூ வியாபாரத்தில் வருவதெல்லாம் பெட்ரோல் ஸ்டேஷனுக்கே போய்விடக் கூடாது. இதைக் கேட்க எனக்குத் தெரிந்து உங்களைவிடத் தகுந்த ஆள் கிடையாது. ஐஸ் வைக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறேன்.

வைதேகி


கிளமெண்டி
19 செப்டம்பர் 2025

அன்புள்ள வைதேகிக்கு,

உன் கடிதத்தை வர்ஷா கேன்டீனில் வைத்துக் கொடுத்தாள். படித்து முடிப்பதற்குள் என் காப்பி ஆறிப்போனது. நீ வண்டி வாங்கப்போகிறாயா? MRT ரயிலில் எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று என்னைக் கேட்கிற வைதேகியா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பெருமையாக இருக்கிறது. டிப்போவில் பக்கத்தில் நின்றவனிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டீசல்தான். இழுவைக்கு அதை அடிக்க ஆளில்லை. அதே தூரத்துக்குப் பெட்ரோலைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். பேட்டரி வண்டி நல்லதுதான், சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் உன் புளோக் கார்பார்க்கில் சார்ஜ் போடும் இடத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தாயா? முகூர்த்த நாளில் பூவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது.

ஒரு வழி சொல்கிறேன். வாங்குவதற்கு முன் ஏதாவது ஒரு பிக்கப்பை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார். முதலில் டேங்கை வாய்வரை நிரப்பு. வாரம் முழுக்க ஓட்டு. மறுபடி வாய்வரை நிரப்பு. இரண்டாவது தடவை எவ்வளவு பிடித்ததோ அவ்வளவுதான் வண்டி குடித்தது. விற்கிறவன் காகிதத்தில் போட்டிருக்கும் கணக்கை நம்பாதே. அவன் வண்டி தேக்காவில் பார்க்கிங் தேடிச் சுற்றியதே கிடையாது.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். சோறும் சாப்பிடுகிறேன். அக்கா தட்டில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

முத்துராமன்


பாசிர் ரிஸ்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள வர்ஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வர்ஷா சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தாள். விற்கிறவன் வண்டி தேக்காவில் பார்க்கிங் தேடியது கிடையாது என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நீங்கள் நேரில் இப்படிப் பேசி எவ்வளவு காலமாகிறது!

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நவராத்திரி என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. சின்ன பெட்ரோல் பிக்கப் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். சாங்கியில் விமானத்திலிருந்து இறங்கும் பூவை ஏற்றிக்கொண்டு, சாலைக் கட்டணம் பிடிக்கும் கேன்ட்ரி விழித்துக்கொள்வதற்கு முன்பே தேக்காவுக்குப் போய்விடுவேன். பூவெல்லாம் ஐஸ் போட்ட பெட்டியில் இருப்பதால், காத்திருக்கும்போது குளிர்ச்சிக்காக எஞ்சினை ஓடவிட வேண்டியதில்லை. ஓடவிட்டால் அபராதமும் உண்டு. தூரத்துக் கோயிலை முதலில் முடித்துவிட்டு, திரும்பும் வழியில் மற்ற இடங்களில் இறக்குகிறேன். ஒரே சாலையில் இரண்டு முறை போவதில்லை.

இதில் ஒன்றைக் கவனித்தேன். நீங்கள்தான் சரியா என்று சொல்ல வேண்டும். பின்னால் முட்ட முட்ட ஏற்றினாலும், பாதிதான் ஏற்றினாலும், டேங்க் பிடிப்பதில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். பூவுக்கு என்ன கனம் இருக்கிறது? தட்டிகளும் வெறும் தெர்மோகோல், துணி. இடத்தைத்தான் அடைக்கின்றன. அப்படியானால் எனக்கு வேண்டியது பெரிய இழுவை இல்லை, நீளமான பின்தட்டு. மல்லிகையை இழுக்க எதற்குப் பெரிய டீசல் எஞ்சின்? அது தன் கனத்தைத் தானே சுமப்பதற்கு அல்லவா எண்ணெய் குடிக்கும்?

தப்பாக யோசிக்கிறேனா? இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

வைதேகி


கிளமெண்டி
7 அக்டோபர் 2025

அன்புள்ள வைதேகிக்கு,

நீ அலைய வேண்டாம். வேலை முடிந்தது.

என்னோடு டிப்போவில் இருந்த ஜெய் இப்போது வண்டி விற்கிறான் அல்லவா? அவனைப் போய்ப் பார்த்தேன். டபுள் கேப் டீசல் பிக்கப். கியர் வண்டி. இந்த ரகத்தில் இதைவிட எண்ணெய் குறைவாகக் குடிக்கும் வண்டி இல்லை. பானட்டைத் திறந்து பார்த்தேன், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டேன். வைதேகி, அந்தச் சத்தம் இருக்கிறதே, அவ்வளவு சுத்தம். என் பெயரிலேயே புக் பண்ணிவிட்டேன். வண்டி வைத்திருக்க வேண்டிய சி.ஓ.இ. உரிமத்துக்கு அடுத்த ஏலத்தில் ஜெய் போடுவான், கிடைத்ததும் உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இழுவை வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனாலும் எஞ்சின் விஷயத்தில் என் பேச்சைக் கேள். நாளைக்கு வியாபாரம் பெருகும், வாழைமரம் ஏற்றுவாய், நாற்காலி ஏற்றுவாய். அப்போது என்னை வாழ்த்துவாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிப்போவில் வேலையை விடுவது பற்றி மேலாளரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். வண்டியை நான் ஓட்டுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னால் போதும். நாம் எழுத்தில் பேசி முடிக்க வேண்டிய விஷயமும் அதோடு முடிந்துவிடும்.

முத்துராமன்


பாசிர் ரிஸ்
10 அக்டோபர் 2025

வர்ஷா அப்பாவுக்கு,

என் லைசென்ஸ் கிளாஸ் 3ஏ. கிளட்ச் இல்லாத வண்டியை மட்டும்தான் நான் ஓட்டலாம். நீங்கள் புக் பண்ணியிருக்கும் வண்டியில் சட்டப்படி என்னால் உட்கார மட்டும்தான் முடியும்.

நான் எந்த லைசென்ஸ் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. வர்ஷாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். லைசென்ஸ் என்றால் கியர் வண்டி என்று நினைத்துக்கொண்டீர்களா, இல்லை இவள் எங்கே ஓட்டப்போகிறாள் என்று நினைத்தீர்களா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனசு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

பஃபலோ ரோட்டில் எனக்குக் கிடைக்கவிருந்த கடையை என்னைக் கேட்காமலே வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து, “நீ அலைய வேணாம்னுதான்” என்றீர்கள். அன்றைக்குத்தான் நாம் பிரிந்தோம். அதே வார்த்தையை இப்போது எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கடிதத்தைப் படித்துச் சிரித்தபோது, இந்த மனிதர் திரும்பி வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது பயமாக இருக்கிறது.

வேலையை விடாதீர்கள். வண்டி வேண்டாம். இனி கடிதம் கொண்டுவர வேண்டாமென்று வர்ஷாவிடம் சொல்லிவிட்டேன்.

வைதேகி


கிளமெண்டி
26 அக்டோபர் 2025

அன்புள்ள வைதேகிக்கு,

வர்ஷா வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். படிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

புக்கிங்கை ரத்து செய்துவிட்டேன். நல்லவேளை, ஏலத்துக்குப் போகவில்லை. ஜெய் சிரித்தான். “என்ன லா அண்ணே, அண்ணி லைசென்ஸ் என்னன்னு தெரியாமலா வண்டி புக் பண்ணீங்க?” என்றான்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அக்காவோடு தேக்காவுக்கு வந்தேன். அன்று சிராங்கூன் ரோட்டில் எள் விழ இடமில்லை. அக்கா வளையல் கடைக்குள் போனதும் நான் வெளியே நின்றேன். அப்போது உன் வாடகை வண்டி வந்தது. இரண்டு காய்கறி லாரிகளுக்கு நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது. நானாக இருந்தால் முன்னும் பின்னுமாக எடுத்துத் திணறியிருப்பேன். நீ ஒரே வளைவில் பின்னோக்கி விட்டு, இறங்கி, பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டாய். ஜனங்களுக்கு நடுவே ஹாரன்கூட அடிக்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், அப்துல் முத்தலிப் என்று பெயர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். உன் கணவன் என்று தெரியாமலே பேச ஆரம்பித்தார். தினமும் காலையில் ஹைவேயில் உன் பின்னால்தான் வருவாராம்.

“அந்த அக்கா பின்னால போனா பிரேக் லைட் எரியறதே அபூர்வம். முன்னால என்ன நடக்கப்போகுதுன்னு எப்பவோ பாத்துட்டு ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுத்துடுவாங்க. எங்க ஆளுங்க யாருக்கும் அந்தக் கால் வராது லா.”

வைதேகி, இதன் அருமை உனக்குத் தெரியுமா? பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எரித்த எண்ணெயைத் தெருவில் கொட்டுகிறோம். டிப்போவில் டிரைவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோனது. உனக்கு யாருமே சொல்லித்தரவில்லை. பூப்பெட்டி சாயக்கூடாது என்று பதமாக ஓட்டியே அந்தக் கால் உனக்கு வந்திருக்கிறது. நான் எஞ்சினுக்குள் தேடிக்கொண்டிருந்த சிக்கனம் ஓட்டுகிறவளிடம் இருந்தது. பூவுக்குக் கனம் இல்லை, சின்ன எஞ்சினும் நீளமான தட்டும் போதும் என்று நீ எழுதியதும் அப்பழுக்கில்லாத கணக்கு. நான் அதைப் படித்தேனே தவிர கேட்கவில்லை. உன்னை நினைத்து எனக்கு இப்போது இருக்கும் பெருமை வேறு. போன மாதம் டிப்போவில் சொல்லித் திரிந்தது, என் மனைவி வண்டி வாங்குகிறாள் என்று. இது, இப்படி ஓட்டுகிற ஒருத்தியை எனக்குத் தெரியும் என்பது.

அருகே வரவில்லை. வந்தால் பெட்டியை எப்படி இறக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

டபுள் கேப்பை நான் ஏன் பிடித்துத் தொங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்காக இல்லை. அதில்தான் பின்சீட் இருக்கிறது. ஜெய் கடையில் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். வர்ஷா பின்னால் உட்கார்ந்திருப்பாள், நீ பக்கத்தில் இருப்பாய், மூன்று பேரும் ஒன்றாகப் போவோம் என்று தோன்றியது. உடனே கையெழுத்துப் போட்டுவிட்டேன். எஞ்சின் சத்தம் சுத்தம் என்றதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

உனக்குப் பிடித்த வண்டியை வாங்கு. உன் பெயரில் வாங்கு. நீ ஓட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

முத்துராமன்


பாசிர் ரிஸ்
9 நவம்பர் 2025

அன்புள்ள வர்ஷா அப்பாவுக்கு,

வண்டி வாங்கிவிட்டேன். சின்ன பெட்ரோல் எஞ்சின், ஆட்டோ கியர், சிங்கிள் கேப், நீளமான பின்தட்டு. ஏற்கெனவே ஓடியதுதான், சி.ஓ.இ. இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கிறது. சாவி கைக்கு வந்ததும் யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தவர் நீங்கள். உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பிரேக் லைட் கதையை எத்தனை முறை படித்தேன் என்று வர்ஷாவிடம் கேட்காதீர்கள், கேலி செய்வாள். மறுநாள் ஓட்டும்போது அதே நினைப்பாகப் போய், தேவையே இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னைப் புகழ்ந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ரசத்தைப் புகழ்ந்திருக்கிறீர்கள். என் வேலையைப் பார்த்துப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று தேக்காவில் பக்கத்தில் வந்திருக்கலாம். ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஒதுங்கி நின்றீர்களே, எனக்கு அதுவே போதும். இனிமேல் வந்தால் பெட்டியை இறக்குங்கள். எப்படி இறக்குவது என்று நான் சொல்கிறேன்.

வண்டியை நான்தான் ஓட்டுவேன். நீங்கள் டிப்போ வேலையை விட வேண்டாம். சர்வீஸ் மட்டும் நீங்கள் பார்த்துக்கொடுங்கள். எதை மாற்றுவதானாலும் கழற்றுவதற்கு முன் என்னைக் கேளுங்கள்.

பின்சீட் பற்றி எழுதியிருந்தீர்கள். என் வண்டியில் பின்சீட் இல்லை. பூ ஏற்றும் வண்டிக்கு அது எண்ணெய்ச் செலவு. மூன்று பேர் சேர்ந்து உட்கார வண்டி எதற்கு? வீட்டில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள்.

உங்கள் துணிமணி வைத்த பையைக் கொண்டுவரச் சொல்லி நான் எழுதமாட்டேன். கொண்டுவந்தால் திருப்பி அனுப்பவும் மாட்டேன்.

வைதேகி