சுடுவதற்கு எதை வைப்பது

நீர் பங்குனியில் செத்துப்போனீர். நெஞ்சுவலி; யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். நேற்று உம்முடைய திருவிழாச் சாமான்களை விற்றுவிட்டேன். பலூன் சுடுகிற காற்றுத் துவக்கைத் தூக்கிக் கொடுக்கும்போது பலூன் பெட்டியிலிருந்து அந்த ரப்பர் மணம் வந்தது. அழுகை வருமாக்கும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. பெட்டியை மூடினேன்.

எனக்கு வேலணையில் பிளாஸ்டிக் சாமான் கடை. உமக்கு அந்தத் துவக்கும் பலூன் கட்டுகிற ஒரு பலகையும். நயினாதீவுத் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலாக இருந்துதான் பழகினோம், பிறகு கூட்டு. ஆள் சேர்ப்பதும் பரிசுச் சாமான் தருவதும் என் பாடு. சுடுவதற்கு எதை வைப்பது என்பது உம்முடைய பாடு. சண்டையெல்லாம் அதில்தான்.

ஆனி மாதச் சோழகக் காற்றில் பலூன் ஓரிடத்தில் நிற்காது. "ஆடுற பலூனுக்கு ஆர் காசு குடுப்பான்? போத்தலை அடுக்கும்" என்றேன்.

"வெறுங்காலோடை வாற சனம். கண்ணாடித் துண்டை நீரோ பொறுக்குவீர்?"

சரி என்று பால்மா ரின்னை வைத்தோம். முதல் குண்டே தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து என் தேத்தண்ணிக் கோப்பையை உடைத்தது. "இனி முதலாளி கொஞ்ச நேரம் வாய் திறக்கமாட்டார்" என்று சிரித்தீர்.

அடுத்த வருசம் நான் விசுக்கோத்தை நூலில் கட்டிக் கொண்டுவந்தேன். உடைந்தால் காகம் பொறுக்கும், கூட்டுகிற வேலையும் மிச்சம். ஆனால் கடற்காற்றில் அது இளகிப்போனது. குண்டு ஓட்டை போட்டுக்கொண்டு போனது, விசுக்கோத்து உடையவில்லை. சுட்டவன் "பட்டிட்டுது" என்றான், நான் "விழேல்லை" என்றேன். நீர் வந்து அவனுக்குப் பரிசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நூலை ஒவ்வொன்றாக அவிழ்த்தீர். "அகதி முகாமிலை வரிசையிலை நிண்டு இதை வாங்கினனான். இதைச் சுட ஏலாது" என்றீர். பிறகு பலூன்களைப் பாதி ஊதி, மண் நிரப்பின உரச்சாக்குகளுக்கு முன்னால் சின்னச் சின்ன அறை அடித்து, அதற்குள் அமுக்கி வைத்தீர். காற்று அசைக்கவில்லை. குண்டும் சாக்கோடு நின்றது. யாவாரம் கூடியது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கும் பிறகு கொழும்பிலிருந்து படத்து வில்லன்களின் அட்டை உருவங்கள் கொண்டுவந்தேன். சனம் வரிசை கட்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீர் அவற்றைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தீர். "ஒருத்தன்ரை நெத்தியைக் குறி பாக்கிறதுக்கு நான் காசு வாங்கமாட்டன். வேணுமெண்டா உம்மடை படத்தை ஒட்டும், முதல் வெடி நான் வைக்கிறன்." நான் காரணம் கேட்கவில்லை. யுத்தத்துக்குப் பிறகு தீவில் அதைக் கேட்கிற ஆள் இல்லை.

இப்போது உம்முடைய மனிசிக்குக் கூரை ஒழுகுது. மாரி மழைக்கு முன்னம் மாற்றவேண்டும். ஊர்காவற்துறைப் பெடியன் ஒருவன் உம்முடைய சாமான்களுக்கு எழுபதாயிரம் தருவதாகச் சொன்னான்.

"பலூனை இப்ப ஆர் அண்ணை சுடுறது? ஆள் உருவம் வைப்பன். நெஞ்சுக்கு ஒரு பரிசு, நெத்திக்கு ஒரு பரிசு."

புளியங்கூடலுக்குப் போய் உம்முடைய மனிசியிடம் அப்படியே சொன்னேன். "அவர் இருந்தா விடமாட்டார்" என்றா. பிறகு, "கூரையும் இருக்கு அண்ணை. நீங்கள் யாவாரி, நீங்களே பேசுங்கோ."

பேசினேன். உருவம் ஒட்டக்கூடாது என்றேன். "வித்த பிறகு உங்களுக்கென்ன?" என்றான். நியாயமான கேள்வி, என் கடையில் நானே பலரிடம் சொன்ன பதில் அது. ஆனால் திருவிழாவில் கொட்டில் போடும் இடம் என் பெயரில் இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும். இரண்டு தேத்தண்ணி குடித்து முடிய விலை இறங்கியது, அவனும் இறங்கினான். குறைந்த காசை நான் போட்டேன் என்று நினைக்காதையும். போடவில்லை. தரகு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முடிந்த பேச்சு இது: துவக்கு, பலகை, சாக்கு எல்லாம் சேர்த்து ஐம்பத்தையாயிரம், கைக்காசு. மனிசியிடம் கொடுத்தாயிற்று, குசினிப் பக்கக் கூரைக்குக் காணும், முன்பக்கத்துக்குக் காணாது. இடம் என் கொட்டிலுக்குப் பக்கத்தில், வாடகை இல்லை. பரிசுச் சாமான் நான் வாங்கின விலைக்கே. ஒரு முகம் ஒட்டினாலும் அன்றைக்கே இடத்தை விடவேண்டும்.