சேர்ந்திருப்பவர்களுக்கு வரும் வரி

தோட்டக் குடியிருப்பு,
செர்டாங்,
4-3-1951

அன்புள்ள சண்முகவள்ளிக்கு,

நீயும் பிள்ளைகளும் அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரை எரித்த பிறகு உங்களை இங்கே வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. நீ லாரியில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் இருந்தால் எழுதிவிடு, உள்ளே வைத்துக்கொண்டிருக்காதே.

தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே போகக்கூடாது. ஆபீசைப் பூட்டிவிட்டு வந்தால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. சமையல் நான்தான். நேற்று வைத்த ரசத்தைப் பூனைகூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. வருமான வரியை ஏற்றப்போகிறார்களாம். ரப்பர் விலை ஏறிக்கிடக்கிறது, காட்டுச் சண்டைக்கு அரசாங்கத்துக்குச் செலவு, அதனால் இனி நம்மைப் போலத் தோட்டக் கணக்கு எழுதும் கிராணிமார்களையும் விடமாட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிராணி சின்னையா சொல்கிறார். பேப்பர்க்காரன் ஒரு நாள் ஏறும் என்கிறான், மறுநாள் யோசனைதான் என்கிறான். எதை நம்புவது என்று தெரியவில்லை. நமக்கோ இப்போது இரண்டு அடுப்பு எரிகிறது. கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்.

மனோகரனுக்கும் பிரேமாவுக்கும் என் முத்தங்கள்.

அன்புள்ள,
பரஞ்சோதி


அலோர் ஸ்டார்,
13-3-1951

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்குக் கோபம் இல்லை. பயந்தால் எனக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான். நீங்கள் அங்கே தனியாக இருப்பதை நினைத்தால் இங்கே மூடின கதவுக்குள்ளும் பயமாகத்தான் இருக்கிறது.

முகம்மது கவுஸ் அண்ணன் மளிகைக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறை வசதியாகவே இருக்கிறது. அவர் சம்சாரம் சுலைஹா அக்கா முதல் நாளே ஒரு குடம் தண்ணீரும் ஒரு பானை சோறும் கொண்டுவந்து வைத்தார்கள். பிரேமா இப்போது அவர்கள் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை.

ஒரு நல்ல செய்தி. மனோகரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். ஒரு ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டார்களாம், இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் சுங்கைப் பட்டாணியில் நான் பாடம் சொல்லிக்கொடுத்ததைப் பேச்சுவாக்கில் சொன்னேன். தலைமையாசிரியர் திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார். தற்காலிக வேலைதான். சம்பளம் பெரிதில்லை, ஆனால் வாடகைக்கு ஆகும். உங்களைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் இடம் போய்விடும் என்று பயம். மன்னிக்க வேண்டும்.

வரியைப் பற்றிக் கவுஸ் அண்ணனிடம் கேட்டேன். "கடைக்கு டேக்ஸ், சரக்குக்கு டேக்ஸ், இன்னும் மூச்சு விடுறதுக்கு மட்டும்தான் போடலை தங்கச்சி" என்றார். அவர் காலையில் ஒன்று சொல்கிறார், சாயங்காலம் ஒன்று சொல்கிறார். உங்கள் சம்பளத்துக்கு உண்மையில் வரி உண்டா, இல்லையா?

தங்கள் அன்புள்ள,
வள்ளி


செர்டாங்,
25-3-1951

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் முதலில் சந்தோஷம்தான்.

ஆனால் சின்னையாவிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெண்சாதி சம்பளம் புருஷன் சம்பளமாகத்தான் கணக்காகுமாம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக்கி, அதன் மேல் வரி போடுவார்களாம். தனியாக என் சம்பளம் தப்பித்தாலும், உன்னுடையதைச் சேர்த்தால் மாட்டிக்கொள்வோம், அதிலும் வரியை ஏற்றிவிட்டால் நீ சம்பாதிப்பதைவிட அதிகமாகக் கட்ட வேண்டிவரும் என்கிறார். அப்படியும் நடக்குமா என்று கேட்டேன். "அரசாங்கக் கணக்கு நம்ம கணக்கு மாதிரியா?" என்றார். நாள் முழுக்கத் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற எனக்கே இது பிடிபடவில்லை.

ஆகவே இந்த மாதத்தோடு நின்றுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். பணத்துக்கு நான் இருக்கிறேன்.

அன்புள்ள,
பரஞ்சோதி


அலோர் ஸ்டார்,
6-4-1951

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் என் முதல் சம்பளமும் ஒரே நாளில் வந்தன. சம்பளத்தில் மனோகரனுக்குக் காலில் போடச் சப்பாத்தும் ஒரு கொசுவலையும் வாங்கினேன். கடையில் காசை எண்ணிக் கொடுக்கும்போது, இது யாருடைய காசு என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்துவது நான். தொண்டை கட்டுவது எனக்கு. கணக்கில் மட்டும் அது உங்கள் சம்பளமாம். இதைச் சொன்னது சின்னையா அண்ணனா, சட்டமா, நீங்களா என்றும் எனக்குப் புரியவில்லை.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். புரியாமல்தான் கேட்கிறேன்.

இன்னும் வேலையை விடவில்லை. ஆசிரியை திரும்பி வரும்வரை இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கவுஸ் அண்ணனிடம் இதையும் கேட்டேன். "அது சேர்ந்து குடும்பம் நடத்துறவங்களுக்குத்தான்லா தங்கச்சி. பிரிஞ்சிருந்தா அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்கு" என்றார். சரியா தவறா என்று அவருக்கும் நிச்சயமில்லை. கேட்டதை எழுதுகிறேன்.

பிரேமாவுக்கு இரண்டு நாளாகச் சளி. பயப்படும்படி இல்லை. நீங்கள் எப்போது வருவீர்கள்?

வள்ளி


செர்டாங்,
14-4-1951

அன்புள்ள வள்ளிக்கு,

கவுஸ் பாய் சொன்னது எனக்கு வழி காட்டியது. நாம் பிரிந்துதானே இருக்கிறோம்? நீ அங்கே, நான் இங்கே. அதை எழுத்தில் காட்டிவிட்டால் உன் சம்பளம் என் தலையில் ஏறாது. நீயும் வேலையை விட வேண்டாம். சின்னையா ஒரு ஆளைப் பிடித்து ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே புள்ளி வைத்த இடத்தில் நீயும் போட்டு உடனே அனுப்பு. வெறும் காகிதம்தான், மனதில் எடுத்துக்கொள்ளாதே.

வேலை தலைக்கு மேல். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வெளியே போக யாருக்கும் பெர்மிட் தருவதில்லை.

அன்புள்ள,
பரஞ்சோதி


அலோர் ஸ்டார்,
22-4-1951

அத்தானுக்கு,

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாததில் கையெழுத்துப் போட மனம் வராமல் தலைமையாசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாழப்போவதில்லை என்று இதில் இருக்கிறதம்மா. பெரியவர்கள் யாராவது உட்கார்ந்து பேசிப் பார்த்தார்களா?" என்றார். வரிக்காக என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. யார் நம்புவார்கள்?

மறுநாளிலிருந்து மற்ற ஆசிரியைகள் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். சுலைஹா அக்கா கேள்விப்பட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மனோகரன் யாரிடம் என்ன கேட்டானோ, ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அப்பா இனிமே நம்ம அப்பா இல்லையாம்மா?" என்றான். அவன் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து அழகாக, நிதானமாக இருக்கிறது. படித்துப் பார்த்துத்தான் போட்டீர்களா? உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமே.

நான் போடமாட்டேன். வரி ஏறினால் ஏறட்டும், கஞ்சி குடித்துக் கட்டுவோம். என்னைக் குழப்புவது வேறு. பிரேமாவுக்குச் சளி என்று எழுதினேன், நீங்கள் கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்று எழுதினேன், பெர்மிட் என்கிறீர்கள். உங்களுக்குப் பயம் வரியைப் பார்த்தா, நான் சம்பாதிப்பதைப் பார்த்தா? எதுவானாலும் பச்சையாக எழுதிவிடுங்கள்.

சண்முகவள்ளி


அலோர் ஸ்டார்,
13-5-1951

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தெற்கே ஒரு பஸ்ஸை நிறுத்தி எரித்துவிட்டார்கள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கவுஸ் அண்ணன் பேப்பரை எனக்குக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டார். நான் எழுதியது அதிகமாக இருந்தால் திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.

வள்ளி


செர்டாங்,
18-5-1951

அன்புள்ள வள்ளிக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பஸ் இந்தப் பக்கத்தது இல்லை. எழுதாமல் இருந்தது என் தவறு. மேசையில் உட்காருவேன், அன்புள்ள என்று எழுதுவேன், அதற்கு மேல் ஓடாது.

சென்ற புதன்கிழமை துரையிடம் கெஞ்சி ஒரு நாள் பெர்மிட் வாங்கினேன். பினாங்குக்குப் போய் வரி ஆபீசிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அங்கே இருந்த பையன் நம்மவன்தான். என் சம்பளம், உன் சம்பளம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் கேட்டான். பெண்சாதி பிள்ளைகளுக்கான விலக்கைக் கழித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இப்ப ஒண்ணும் வராது அண்ணே. சம்சாரம் தாராளமா வேலைக்குப் போகட்டும்" என்றான். அடுத்த ஆண்டு ஏற்றுவார்களா என்றேன். "அது எனக்கே தெரியாது" என்று சிரித்தான்.

இதை நேரில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று படகில் கடலைத் தாண்டி இக்கரைக்கு வந்து, பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறி அலோர் ஸ்டாருக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நீ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் குரல் ரோடுவரை கேட்டது. நம் வீட்டில் நீ அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு பிள்ளை ஏதோ தப்பாகச் சொல்ல, நீ சிரித்தாய், வகுப்பே சிரித்தது.

உள்ளே வந்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வரி இல்லை என்றால் உன்னை வேலையை விடச் சொல்ல என்னிடம் காரணமே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் எதற்காகச் சொன்னேன்? நீ பச்சையாக எழுதச் சொன்னாய். முன்பெல்லாம் உப்பு வாங்கவும் என்னிடம்தான் கேட்பாய். இப்போது கேட்பதில்லை. அது எனக்கு நிம்மதியா வருத்தமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது அதன் அர்த்தம் தெரிந்தும் மனதில் ஏறவில்லை. ஊரடங்குக்குள் திரும்ப வேண்டும் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பிரேமாவுக்குச் சளி தேவலையா? தோட்டம் அமைதியானால் நீ திரும்பி வருவாயா?

பரஞ்சோதி


அலோர் ஸ்டார்,
24-5-1951

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சந்தோஷப்படுவதா, வாசல்வரை வந்துவிட்டுப் போனதற்கு அழுவதா என்று தெரியாமல், உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்துவிட்டேன். தண்ணீர் சுண்டிப் பானை கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

வரிக்காகக் கடல் தாண்டிப் போனீர்கள். ஜன்னலிலிருந்து வகுப்புக்குள் வர நாலு எட்டுகூட இல்லையே. வந்திருந்தால் நான் ஒன்றும் கேட்டிருக்கமாட்டேன். மனோகரன் அடுத்த அறையில்தான் இருந்தான்.

பிரேமாவுக்குச் சளி எப்போதோ விட்டுவிட்டது. இப்போது மலாய்ப் பாட்டு ஒன்று பாடித் திரிகிறாள்.

திரும்பி வருவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை அத்தான். பிரசவத்துக்குப் போன ஆசிரியை இனி வரப்போவதில்லையாம், என்னையே தொடர்ந்து இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறையும் உங்களைக் கேட்கவில்லை, ஆனால் மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை. அதற்காக நீங்கள் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் இரண்டும் இருக்கிறது.

நேற்றுத் தலைமையாசிரியர் தயங்கித் தயங்கி, உங்களைப் பற்றி விசாரித்தார். "என் வீட்டுக்காரர் செர்டாங்கில் பெரிய கிராணி. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்களைப் பார்க்க வருவார்" என்றேன். மனோகரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பெர்மிட் வாங்குங்கள். என்னைப் பொய் சொன்னவள் ஆக்கிவிடாதீர்கள்.

தங்கள்,
வள்ளி