மேலாளரின் பெயரையும் நீக்கினேன்

அன்புள்ள பாபாவுக்கு,

நம் ஊர் ஸ்ஃபாக்ஸில் குளிர் தொடங்கியிருக்குமே, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் நான் நலம்.

போன வாரம் எங்கள் மருத்துவமனையில் ஒரு சின்னக் குழப்பம். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு நேரத்தைக் கணினியே தினமும் செய்தியாக அனுப்பும். மேலாளர் ஹமூத் ஏதோ அறிக்கையை நிறுத்தப் போய், அந்த வேலையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அது நின்றதாக எங்களில் யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை. அன்று பதினோரு பேர் வரவில்லை. ஒவ்வொருவராகப் போன் செய்து வரவழைத்தோம். எல்லோரும் நலம்.

மறுநாளே கணினி தானாகச் செய்யும் வேலைகளைத் துறைவாரியாகக் குழுக்களாகப் பிரித்தேன். அந்தந்தத் துறைக்கு அதன் குழுவில் மட்டுமே உரிமை. ஏதாவது நின்றால் என் கைபேசி உடனே அலறும். நிறுத்தும் உரிமை உள்ளவர்களின் பட்டியலிலிருந்து ஹமூத்தையும் நீக்கினேன்.

"என்னையே வெளிய தள்ளிட்டியா, அரீஜ்?" என்று வந்து நின்றார்.

"நீங்க பார்க்கலாம் உஸ்தாத், நிறுத்த முடியாது. வேணும்னா என்னை வேலையை விட்டு நிறுத்துங்க."

என் மேசையிலிருந்த உரிமை மாற்றத் தாளை இழுத்தார். "உன்னை நிறுத்திட்டா, அது அலறுறதை யாரு கேக்குறது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஹரிசா மிளகாய் விழுது ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள். லப்லாபி கொண்டைக்கடலைச் சூப்புக்குச் சீரகம் எவ்வளவு என்று அம்மாவைப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அளவு எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் அரீஜ்