தண்ணீரில்லாமல் குடைந்த பல்

சித்திரை 12, செவ்வாய்

காலையிலேயே அனல். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. பள்ளிவாசல் லெப்பை வந்தார். மேல் முன்பல், இடது. இடுக்கில் சொத்தை. நோன்பு மாதம், தினமும் இரவுத் தொழுகையில் அவர்தான் ஓதுகிறார். நோன்பாளியாயிற்றே என்று தண்ணீர்க் குவளை, பீச்சாங்குழல் இரண்டையும் முன்பே உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். கண்ணில்கூடப் பட வேண்டாம்.

கால்மிதி எந்திரத்தில் குடைந்தேன். முனை கொஞ்சம் மழுங்கல். பாதியில் கையைத் தூக்கி, "சுடுதுய்யா" என்றார். வெயிலைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஆமாம், இந்த வருஷம் அதிகம்" என்றேன். மேலும் குடைந்து சிமெண்டு அடைத்தேன். வேலை சுத்தம் என்றே நினைப்பு.

ரஸம் புளித்துவிட்டது. மோர் மட்டும்.

சித்திரை 19, செவ்வாய்

லெப்பை மறுபடியும். கூட மளிகைக் கடை காசிம் பாய். பல் சாம்பல் நிறம். மென்றால் வலி.

காசிம் பாய்: "இன்னா லெப்பே, பல்லுக்கு மை வச்சிக்கினியா?"

"சும்மா இருபா. எனக்குதான் தெரியும் வலி."

சூடாக்கிய கம்பியைப் பல்லருகே கொண்டுபோனேன். உணர்வில்லை. நரம்பு செத்துவிட்டது.

பிடுங்க வேண்டி வருமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஓதறப்ப நாக்கு நுனி இந்தப் பல்லுல படணும்யா. படலன்னா எழுத்து மாறிடும், அர்த்தமும் மாறிடும். அப்புறம் எம் பின்னாடி யாரு நின்னு தொழுவாங்க?"

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பெருநாள் கழித்துத்தானாம்.

போகும்போது காசிம் பாய்: "தண்ணிய கண்ணுலகூட காட்டாம வேலை பாத்தீங்களாமே. எங்க ஆளுங்களுக்கே அந்த மரியாதை வராது."

தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

சித்திரை 21, வியாழன்

தூக்கமில்லை. ஏன் செத்தது?

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் பிரெஞ்சு டாக்டர் குடையும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் பீச்சியவன் நான். தூளைக் கழுவ என்றே நினைத்திருந்தேன். அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பிடுங்கி வைத்திருந்த கடைவாய்ப் பற்களை எடுத்தேன். வேரை அறுத்து, நரம்பு இருக்கும் குழியில் மெழுகு அடைத்தேன், லேசான சூட்டுக்கே உருகும்படி சிறிது எண்ணெய் கலந்து. பிறகு மேலிருந்து குடைந்து பார்த்தது:

மழுங்கிய முனை, தண்ணீரின்றி. முப்பது மிதியில் மெழுகு வழிந்தது.
புது முனை, தண்ணீரின்றி. வழிந்தது, சற்றுத் தாமதமாக.
மழுங்கிய முனை, தண்ணீர் சொட்டச் சொட்ட. உருகவில்லை.
கைச்சுரண்டி. தண்ணீர் இல்லாமலும் உருகவில்லை. நேரம் மூன்று மடங்கு.

மும்முறை செய்தேன். எங்காவது நான் பிசகியிருக்கக் கூடாதா என்று நான்காம் முறையும். அதேதான்.

அப்படியானால் "சுடுதுய்யா" என்றது பல்லைத்தான். என்னிடம் சுரண்டியும் இருந்தது. கை நடுக்கம் தெரியுமே என்று அதை எடுக்கவில்லை.

சித்திரை 25, திங்கள்

சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். மதியத் தொழுகைக்கு முன். நோன்பினால் வந்தது என்றால் அவர் மனம் புண்படுமே, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் மாற்றிக்கொண்டே போனேன்.

பள்ளிவாசல் தொட்டியருகே லெப்பை. வீங்கிய உதட்டைப் பொத்தியபடி கையில் தண்ணீர் அள்ளி வாயில் விட்டு, கொப்பளித்து, துப்பினார். மூன்று தடவை.

எதிர்க்கடையில் காசிம் பாயிடம் கேட்டேன், நோன்பில் வாய் கொப்பளிக்கலாமா என்று.

"முழுங்காட்டி சரி. அஞ்சு வேளையும் தொழுவுறதுக்கு முன்னாடி ஒளு செய்யணுமே, வாய் கழுவாம எப்பிடி? இன்னாய்யா, இத்தினி வருசமா அடுத்த தெருவுல கீறீங்க?"

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். லெப்பையிடம் சொல்லாமலே திரும்பிவிட்டேன். வெயிலில் குடை எடுத்துப் போகாதது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சித்திரை 30, சனி

மேகம். மழை இல்லை.

லெப்பைக்குக் காய்ச்சல், இன்று நோன்பில்லை. முகம் கண்வரை வீக்கம். இனி வைத்திருந்தால் உயிருக்கு ஆகாது. பிடுங்கினேன். பல் இளகித்தான் இருந்தது, எளிதாக வந்தது. நிறையச் சீழ்.

பஞ்சை எடுத்துவிட்டு அந்த எழுத்தைச் சொல்லிப் பார்த்தார். காற்று. நாக்கைத் தள்ளி மறுபடியும். காற்று. நோன்பின் மீதி நாட்களுக்கு ஓதக் கடலூரிலிருந்து ஆள் வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதன் பிறகு? தெரியாதாம்.

அப்போது சொன்னேன். குவளையை எடுத்து வைத்தது, மழுங்கிய முனை, மெழுகு, சுரண்டி. வரிசையாக, ஒன்று விடாமல். நோன்புக்குத் தண்ணீர் ஆகாதென்று நானே முடிவு செய்ததையும்.

முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. கோபித்திருக்கலாம்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா."

அவ்வளவுதான். 'வார்த்தை' காற்றாக வந்தது.