அப்புறம் சாப்பிடுகிறேன் என்ற அப்பாவுக்கு

யார் பேச்சையும் கேட்காமலே போய்ச் சேர்ந்த என் ஆசை அப்பாவுக்கு,

அடுத்த வாரம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. சௌக்கியமா என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போன மனிதர் மேல் கோபப்படக் கூடாது என்கிறார் சித்தப்பா. உங்கள் தம்பி வேறு எப்படிப் பேசுவார்? நீங்கள் உயிரோடு இருந்தபோது கோபப்பட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். இப்போது ரிமோட் அம்மாவிடம் இருக்கிறது, அதனால் இப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இதை நாலு பேர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வந்தது நான் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நீங்கள் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தினமும் புரோட்டா தின்ற அந்தக் கடை வாசலில், உங்கள் படத்தை ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைவிட நாலு மடங்கு பெரிசு. கீழே கொட்டை எழுத்தில் ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்று போட்டிருக்கிறது.

அதை முதலில் பார்த்தது அம்மா. கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். எனக்கு போன் போட்டு, “ஒங்கப்பா ஃபோட்டோ நல்லா விழுந்திருக்குடி, சிரிச்ச மொகமா இருக்காரு. நம்ம வீட்டுல அப்படி ஒண்ணு இல்ல பாரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துவாக்குடியில் என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

யாருக்குமே பிடித்த பண்டம் என்று ஒன்று இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு தரம், வாரத்துக்கு ஒரு தரம் தின்கிறவர்கள் ஊரில் இல்லையா? நீங்கள் துவாக்குடிப் பட்டறையில் வேலை முடித்து, சத்திரத்தில் இறங்கி, புரோட்டா தின்றுவிட்டு, அடுத்த பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தீர்கள். வழியில் இருக்கிறது, சரி. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பட்டறை திறந்திருந்தது? தீபாவளிக்கு? ஏகாதசிக் கூட்டத்தில் பஸ்ஸை அக்கரையிலேயே நிறுத்திவிட்டபோதும் காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டிப் போய்த் தின்றுவிட்டு, நடந்தே திரும்பினீர்கள். “இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க” என்பாள் அம்மா. அவளுக்கு அது பழமொழி இல்லை, தினமும் சாயங்காலம் நடப்பது.

என் கல்யாணத்து வரவேற்பு ஞாபகம் இருக்கிறதா? மேடையில் போட்டோ எடுக்கப் பெண்ணின் அப்பாவைத் தேடுகிறார்கள். நீங்கள் இல்லை. சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு எங்கும் தேடாமல் நேராக அந்தக் கடைக்குப் போய் உங்களைக் கூட்டி வந்தார். புதுச் சட்டைப் பாக்கெட்டில் சால்னா சிந்தியிருந்தது. மாமனார் உங்கள் கையைப் பிடித்து, “வாங்க சம்மந்தி, மொதப் பந்தியிலயே உக்காந்துடுவோம்” என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்” என்றீர்கள். எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் அந்தக் கறைதான் என் கண்ணில் முதலில் படுகிறது.

அந்த ‘அப்புறம்’தான் அப்பா. எனக்குப் புரோட்டா மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. அந்த ஒரு வார்த்தை மேல்தான் கோபம்.

எட்டு மணிக்கு நீங்கள் வீட்டுக்குள் நுழைவீர்கள். அம்மா தட்டை வைத்துவிட்டு, “சாப்பிட வாங்க” என்பாள். வடித்த சோற்றைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் அன்னலட்சுமிக்கு ஆகாது என்று உங்கள் வீட்டில் உங்களை வளர்த்திருந்தார்கள். அதனால் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள். “அப்புறம் சாப்பிடுறேன்” என்பீர்கள். மரியாதையான வார்த்தை. அம்மாவை வளர்த்த வீட்டிலோ, புருஷன் சாப்பிடாமல் பொண்டாட்டி சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆக, நீங்கள் மரியாதையாக ‘அப்புறம்’ சொல்ல, அவள் மரியாதையாகப் பசியோடு காத்திருப்பாள். நாற்காலியில் நீங்கள் குறட்டை விட்ட பிறகு எழுந்து போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எட்டு மணிக்கே சாப்பிட்டிருப்பாள். இவ்வளவு சின்ன விஷயம் உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

மிஞ்சிய சோறு என்ன ஆகும் என்றாவது யோசித்தீர்களா? தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் நீங்கள் இட்லி தின்பீர்கள், அவள் உங்கள் ராத்திரிப் பங்கைப் பழையதாகத் தின்பாள். கொட்டலாமே என்றால், “சோத்தக் கொட்டுனா அடுத்த பொறப்புல சோறு கெடைக்காது” என்பாள். இந்தப் பிறப்பில் அவளுக்குக் கிடைத்ததோ இரண்டு பேர் சோறு. கடைசியில் சர்க்கரை வந்தது அவளுக்கு. மைதாவும் எண்ணெயுமாகத் தின்ற உங்களுக்கு ஒரு தலைவலி உண்டா? தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், “தெனம் புரோட்டா தின்ன ஒடம்பு, பாரு, கல்லு மாதிரி இருந்தாரு” என்று அம்மா காதுபடவே பேசினார்கள்.

ஊரடங்கின்போது கடையை மூடிவிட்டார்கள். ஊரே பயந்து கிடந்தது. அம்மா மட்டும் சாயங்காலமானால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு சமைத்தாள். கத்திரிக்காய்ப் பொரியல், மிளகு ரசம், சுண்டைக்காய் வத்தக்குழம்பு. எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். போனில் எனக்கு என்ன குழம்பு என்று தினமும் சொல்வாள், நீங்கள் மறுசோறு வாங்கியதையும் சொல்வாள். கடை திறந்த அன்று முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்களே, வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தீர்களா? இல்லை என்றாள் அம்மா.

சரி, இதெல்லாம் உயிரோடு இருந்தபோது. போன பிறகும் விட்டீர்களா?

பதினாறாம் நாள் காரியத்தைக் காவிரிக் கரையில் அம்மா மண்டபப் படித்துறையில் முடித்து வந்து வீட்டில் இலை போட்டோம். உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்பது முறை. அம்மா விடிகாலையிலிருந்து நின்று வடை, பாயசம், வத்தக்குழம்பு என்று சமைத்திருந்தாள். கடைசி நேரத்தில் சித்தப்பா ஒரு பார்சலோடு வந்தார். “காய்கறிச் சால்னாதான் அண்ணி, ஒண்ணும் தீட்டு இல்ல. மாஸ்டர்கிட்டச் சொல்லி மத்தியானமே போட வச்சேன். இது இல்லாம அண்ணன் எப்படித் திரும்பிப் பாப்பாரு?” என்று சொல்லி, இலையின் ஓரத்தில் இரண்டு புரோட்டாவை வைத்தார். அம்மா வடையை நகர்த்தி இடம் விட்டாள்.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் இலையை வைத்துக் கூப்பிட்டோம். ஒரு காக்கை வந்தது. அம்மாவின் சோற்றை மிதித்துக்கொண்டு நடந்து போய்ப் புரோட்டாவைக் கொத்திக்கொண்டு பறந்தது. நீங்கள்தானே அது?

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பாத்தியா, அண்ணன் மாறவே இல்ல” என்றார். நானும் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் அதற்குள் படி இறங்கிப் போயிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா ராத்திரி அடுப்புப் பற்றவைப்பதில்லை. கேட்டால், “யாருக்குச் சமைக்க?” என்கிறாள். உனக்குத்தான் என்றால், எனக்கென்ன என்கிறாள். இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்து, போன மாதம் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள். “இன்னொரு வாட்டி வெறும் வயித்துல மாத்திரை போட்டாங்கன்னா நான் பொறுப்பில்ல” என்று டாக்டர் என்னிடம் சொன்னார். துவாக்குடிக்கு வந்து என்னோடு இரு என்று கெஞ்சிப் பார்த்தேன். வர மாட்டேன் என்கிறாள்.

திதிக்கு என்ன சமைப்பது என்று கேட்டேன். “அதான் அந்தக் கடைக்காரங்களே கொண்டாந்து தர்றோம்னு ஒங்க சித்தப்பாகிட்டச் சொல்லிட்டாங்களே. அவருக்குப் புடிச்சத வாங்கி வச்சிருங்க. நான் எதுக்கு நடுவுல?” என்றாள். உங்கள் இலையிலிருந்தே தன்னை விலக்கிக்கொண்டாள் அப்பா. இதைவிட ஒரு பொம்பளை என்ன சொல்ல முடியும்?

அன்று சாயங்காலமே அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஃபிளெக்ஸைக் கழற்றுங்கள், திதிக்கு ஒன்றும் கொண்டு வர வேண்டாம் என்று சொல்வதற்கு. புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாஸ்டர் என்னைப் பார்த்ததும், “சார் பொண்ணுதானே? மூக்கு அப்படியே இருக்கே. உக்காருங்கம்மா” என்று சொல்லி, கேட்காமலே இரண்டு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி முன்னால் வைத்தார். “சார் இப்படித்தான் சாப்பிடுவாரு. ஊறுனதுக்கப்புறம்தான் கைய வைப்பாரு.”

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

“ஒரு நாளைக்கு எத்தன சாப்பிடுவாரு?” என்று கேட்டேன்.

“ரெண்டே ரெண்டுதாம்மா. மூணாவது வச்சாக் கைய மறச்சுக்குவாரு. வீட்டுல வத்தக்குழம்பு வச்சிருப்பாங்க மாஸ்டர், அப்புறம் அதச் சாப்பிடணும், எடம் வேணும்பாரு. என்ன கொழம்புன்னு தெனம் பேரோட சொல்லுவாரு. அவ்ளோ பெருமை அவருக்கு.”

இதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று மாஸ்டர் நினைத்திருப்பார். நல்ல மனிதர், அவர்மேல் குற்றமில்லை. நான் கை கழுவிக்கொண்டு, ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முகம் சுண்டிப்போய்ச் சரி என்றார். நேராக அம்மாவிடம் போனேன்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிட்டேன். அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“ரெண்டுதானா?”

“ரெண்டே ரெண்டுதானாம்.”

“அஞ்சாறு தின்னுட்டு வயித்துல எடமில்லாம வர்றாருன்னுல்ல நான் இத்தன வருஷமா நெனச்சேன்.” கொஞ்ச நேரம் சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்தாள். “அப்ப எடம் இருந்துருக்கு. எடத்த வச்சுக்கிட்டேதான் அப்புறம் அப்புறம்னு நாற்காலியில தூங்கியிருக்காரு. கடைக்காரன்கிட்டப் பேரு சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்ட ஒரு வாய் நல்லாருக்குன்னு சொல்ல வாய் வரல.”

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் டமால் டமாலென்று உருண்டன. இவ்வளவு கோபத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. சுண்டைக்காய் வத்தல் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, “திதிக்கு ஒரு பயலும் பார்சல் கொண்டாரக் கூடாதுன்னு ஒங்க சித்தப்பாகிட்டச் சொல்லிரு. நான் சமைக்கிறேன். அந்த மனுஷன் அன்னிக்கு எப்படித் திங்காமப் போறாருன்னு பாத்துடுறேன்” என்றாள். பிறகு அந்த ராத்திரிக்கே உலை வைத்தாள். இரண்டு பேரும் ரசம் சோறு சாப்பிட்டோம்.

அப்பா, திதியன்று நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இலையில் புரோட்டா கிடையாது. வத்தக்குழம்பு உண்டு, ரசம் உண்டு, கத்திரிக்காய் உண்டு. காக்கை வந்து தின்றால்தான் வீட்டில் மற்றவர்கள் கை நனைக்க வேண்டும் என்பது வழக்கம். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டு டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை வராமல் இழுத்தடிப்பீர்கள். அம்மா வெறும் வயிற்றோடு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதும் போலக் காத்திருப்பாள்.

அது நடக்காது. அவளுக்குத்தான் முதல் இலை. பாவம் என்று சித்தப்பா குதிப்பார், சொந்தக்காரர்கள் வாயில் கை வைப்பார்கள். “படைக்கிறதுக்கு முன்னாடி திங்கலாமாடி?” என்று அம்மாவே என் கையைத் தட்டிவிடுவாள். அந்தப் பாவம் எதுவானாலும் என்னைச் சேரட்டும். அவளை உட்காரவைத்து, நானே பரிமாறி, மறுசோறும் போட்டு, அவள் மாத்திரை விழுங்கி ஏப்பம் விட்ட பிறகுதான் உங்கள் இலையை மாடிக்குக் கொண்டு வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் அப்புறம் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூக்கோடும் அம்மாவின் கோபத்தோடும் பிறந்த மகள்