சாவியில்லாமல் திறக்கும் சீட்

12.8.2025, செவ்வாய்

போடியில் வெயில், மலையில் சாரல். கா. 6.40க்குப் புறப்பாடு. ஓடிய கிலோமீட்டரைக் குறிக்க மறந்தேன். இம்மாதத்தில் இரண்டாம் முறை.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தவை: மழைக்கோட்டு, பிளக் ஸ்பேனர், ஆர்.சி. நகல், துடைக்கும் துணி, தகர டப்பா.

டப்பாவைப் பற்றி இங்கு மட்டுமே எழுதலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. 3.7 அன்று தேனி டாக்டர் கொடுத்தது. நெஞ்சைப் பிடித்தால் உடனே வைக்க வேண்டும். பரிசோதனைக்கு வர வேண்டும். அதுவரை மலைக்கு வண்டி ஓட்டக்கூடாது. மனைவி ஜைபுவிடம் நான் சொன்னது: வாயுத் தொந்தரவு. உண்மை தெரிந்தால் வண்டியும் போகும். போடிமெட்டு ஸ்டோரில் வாரம் இரண்டு நாள் ஏலக்காய் தரம் பார்க்கும் வேலையும் போகும். சட்டைப் பை ஆகாது. துவைக்குமுன் துழாவுவாள், முப்பத்தொன்பது வருடப் பழக்கம். ஆகவே சீட்.

ஒன்பதாம் வளைவில் நெஞ்சின் நடுவே பாரம். இடது தோள் வரை. வண்டியை ஓரம் கட்டினேன். சீட் பூட்டில் சாவி திரும்பியது, சீட் திறக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும். கையால் குத்தினேன். மாத்திரை ஒரு சாண் ஆழத்தில், எடுக்க வழியில்லை. சாலையோரச் சுவரில் உட்கார்ந்தேன். பாரம் தானாக இறங்கப் பதினொரு நிமிடம், கடிகாரப்படி.

ஒன்பதாம் நிமிடத்தில், தோட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் முருகனின் ஜீப்.

"என்ன பாய், மலையை விலைக்குப் பேசிக்கிட்டு இருக்கீங்களா?"

"இஞ்சின் சூடாயிருச்சு முருகா. ஆற விட்டிருக்கேன்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "இந்தக் குளிர்ல இஞ்சினு சூடாகுதாம்! எங்களுக்குப் பல்லு தந்தியடிக்குது."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. முருகன் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டுக் கியரைப் போட்டான்.

ஸ்டோருக்குப் போகாமல் இறங்கினேன். வீட்டில் சொன்னது: சீட் பூட்டு கெட்டுவிட்டது. பொய் அன்று. முழு உண்மையும் அன்று.

13.8, புதன்

காற்று. மெக்கானிக் செல்வம் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி அமுக்கி, பக்க மூடியின் இடுக்கில் ஒரு வளைந்த கம்பியை விட்டு நெம்பினான். இரண்டு நிமிடத்தில் திறந்தது.

"இதென்ன பீரோவா பாய்? கோட்ட இப்புடித் திணிச்சா, அது சீட்ட மேல தள்ளும். கொக்கி எப்படி விடும்? உள்ள ஒயரும் துரு. பாதி தூரந்தான் இழுக்குது."

தவறு என்னுடையது. 9.8 அன்று கோட்டை ஈரத்தோடு மடித்தேன். நான்காக மடிக்க வேண்டியதை மூன்றாக.

புதுக் கேபிள் மதுரையிலிருந்து திங்களன்றுதான் வருமாம்.

"அதுவரைக்கும் கொக்கியில இன்னொரு ஒயரக் கட்டி வெளிய விட்டுக்கங்க. எனக்கு லோடு வண்டிச் சோலி கெடக்கு. வெள்ளிக்கிழமை லீவு. நீங்களே செஞ்சிருவீங்க, உங்களுக்கென்ன."

சைக்கிள் பிரேக் ஒயர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். டப்பாவைக் காதருகில் ஆட்டிப் பார்த்தான். "முட்டாயா பாய்?"

"ஆமாம்" என்றேன்.

14.8, வியாழன்

சோதனையாக, டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தேன். தாங்கியது ஏழு நிமிடம்.

"பையில என்னங்க கிலுகிலுங்குது?"

"முட்டாய். தொண்டைக்கு."

"சக்கரைய இருநூறுக்கு மேல வச்சுக்கிட்டு முட்டாயா? கொண்டாங்க இங்க."

நல்லவேளை, மகளிடமிருந்து போன். டப்பா மறுபடி சீட்டுக்கு அடியில்; சீட்டைக் கொக்கியில் மாட்டாமல் சாத்திவைத்தேன்.

களைப்பு. மாடிப்படி பன்னிரண்டு. நடுவில் ஒருமுறை நின்றேன். அவள் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

15.8, வெள்ளி

தெருமுனையில் கொடியேற்றம், ஒலிபெருக்கி. ஜும்ஆ தொழுகைக்குமுன் வேலையை முடிக்கத் திட்டம். முடித்தேன்.

பக்க மூடியைக் கழற்றினேன். கொக்கியை நகர்த்தும் தகட்டில் ஏற்கெனவே ஒரு துளை. பிரேக் ஒயரின் உருண்டைத் தலை அதில் கச்சிதமாக நின்றது. பழைய கேபிள் இழுக்கும் திசையிலேயே ஒயரைக் கொண்டுபோய், வளையும் இடத்தில் மட்டும் உறை போட்டு, பக்க மூடியின் கீழ்விளிம்புக்கு உள்ளே முடித்தேன். நுனியில் பழைய கோட்டின் கறுப்புப் பொத்தான். வெளியே தெரியாது. இரண்டு விரலை விட்டு இழுத்தால் 'டக்'. இருபது முறை இழுத்தேன்; இருபது முறையும் திறந்தது. கோட்டைத் திணித்து ஐந்து முறை. அப்போதும்.

பிறகு ஒரு யோசனை. நின்றுகொண்டு இழுப்பது சரி. நிற்க முடியாவிட்டால்? தரையில் உட்கார்ந்து பார்த்தேன்; எட்டியது. படுத்துப் பார்த்தேன், எட்டவில்லை.

வாசலில் ஜைபு.

"என்னங்க, வண்டிக்குக் கால் அமுக்கி விடுறீங்களா? எனக்கு ஒரு நாளாச்சும் அமுக்கியிருக்கீங்களா?"

எழுந்திருக்க நேரமானது. கை கொடுத்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"கை ஏன் இப்புடிச் சில்லுன்னு இருக்கு?"

"தரை" என்றேன்.

16.8, சனி

மலையில் மூடுபனி. ஒன்பதாம் வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, பொத்தானை இழுத்தேன். திறந்தது. டப்பா கையில். திரும்ப வைத்து மூடினேன். நெஞ்சில் ஒன்றுமில்லை. திருப்தி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். களைப்பு என்றே வருகிறது.

முருகன் ஜீப்பை நிறுத்தி, ஆட்களை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, தனியாக இறங்கி வந்தான்.

"பாய், செவ்வாக்கெழம சூடானது இஞ்சின் இல்ல. எங்க அண்ணன் இதே மாதிரி வேர்த்துத்தான் உக்காந்தாரு. மாத்திரை அவரு பையிலயே இருந்துச்சு. சுத்தி நின்ன எங்க ஒருத்தருக்கும் தெரியல."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"உங்ககிட்ட இருக்கா?"

பக்க மூடியைக் காட்டினேன். குனிந்து துழாவினான். இடத்தைச் சொன்ன பிறகும் பொத்தான் அவன் விரலுக்கு அகப்படவில்லை. மூன்றாம் தடவையில் அகப்பட்டது.

"நல்லா ஒளிச்சிருக்கீங்க. திருடனும் எடுக்க முடியாது, காப்பாத்த வர்றவனும் எடுக்க முடியாது. வீட்ல தெரியுமா?"

தலையசைத்தேன், இல்லையென்று.

"வெரசா சொல்லிருங்க பாய். இல்லைன்னா நான் வந்து சொல்லுவேன்."

ஸ்டோரில் ஏலக்காய் நல்ல பச்சை, பருமனும் சரி. இரண்டு மூட்டையைத் திரும்பச் சலிக்கச் சொன்னேன். தேவையில்லாமல் கோபப்பட்டேன்.

17.8, ஞாயிறு

மா. 5.10, அஸர் தொழுகைக்குப் பின். ஜைபுவை வண்டியிடம் அழைத்தேன்.

"இங்க விரலை விடு. பொத்தான் இருக்கும். இழு."

டக்.

"இதுக்குத்தான் வெள்ளிக்கிழமை தரையில கெடந்தீங்களா?" என்றாள். அதற்குள் டப்பாவைப் பார்த்துவிட்டாள். திறந்தாள். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். எல்லாம் சொன்னேன்: டாக்டர் சொன்னது, வாயு என்றது, ஒன்பதாம் வளைவு, முருகன்.

"எப்ப இருந்து?"

"ஜூலை மூணு. வியாழக்கிழமை."

"தேதிய மட்டும் சரியாச் சொல்லுங்க."

அழவில்லை. ஏசவும் இல்லை. சீட்டை அமுக்கி மூடினாள், பொத்தானை இழுத்தாள். மறுபடி மூடினாள், இழுத்தாள். நான்கு முறை. கடைசி முறை பார்க்காமலே.

"இப்ப கண்ண மூடிக்கிட்டுக்கூட எடுப்பேன். ஆனா ஒம்பதாம் வளைவுல நான் எங்கங்க இருப்பேன்?"



18.8, திங்கள்

கேபிள் வந்துவிட்டதாகச் செல்வம் போன் செய்தான். போகவில்லை. கா. 9.20 பஸ்ஸில் தேனி, இருவரும். பரிசோதனை. முடிவு வியாழன். அதுவரை மலை இல்லை: டாக்டர். அதற்குப் பிறகும் முருகன் ஜீப்பில்தான்: ஜைபு.

டப்பா இனி என் சட்டைப் பையில். துவைக்கும்போது அவளே எடுத்து, அடுத்த சட்டையில் அவளே வைப்பாளாம். வண்டிச் சாவி அவள் முந்தானை முடிச்சில்.

மா. 4.30. வண்டியைத் துடைத்தேன். பொத்தானை இழுத்தேன். டக். அடியில் மழைக்கோட்டு, இன்னும் ஈரம். எடுத்துக் கொடியில் போட்டேன்.