புல்லில் இல்லாத அஞ்சாளை

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், பேராசிரியரே.

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் திறந்தேன். ஃபார்மலின் நெடி கண்ணில் ஏறியது. உள்ளே ஒரு முழம்கூட இல்லாத அஞ்சாளை மீன், நிறம் வெளுத்து, பாம்புபோலச் சுருண்டு கிடந்தது. மறைந்துவிட்ட உங்கள் நினைவாக வைக்கப்போகும் அலமாரியில் நடுவிடம் அதற்குத்தானாம். கல்லலிலிருந்து வரும் ஆய்வக உதவியாளர் உள்ளேயிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“சார், இதுல எழுத்தே இல்லையே. என்னன்னு எழுதச் சொல்றீக?”

மை கரைந்துவிட்டது. குடுவைச் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது முதலாமாண்டுப் பிள்ளைக்குத் தெரியும். நான் பென்சிலால் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேனாவால் எழுதியவர், துறைத்தலைவரான நீங்கள். நாளை சொல்கிறேன் என்று உதவியாளரை அனுப்பிவிட்டேன்.

இந்த மீனைப் பிடித்த அன்று மண்டபம் கடற்கரையில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. செத்த பவளக் கற்களுக்கு நடுவே நான் குனிந்து நின்றேன். நீங்கள் ஷூ நனையாமல் கரையில் குடை பிடித்தபடி, “கடற்புல்லுக்குள்ள தேடுங்க தம்பி!” என்று கத்தினீர்கள். வலை அலசிக்கொண்டிருந்த மீனவர் சிரித்துவிட்டார்.

“அஞ்சாளைக்குப் புல்லுல என்ன சோலி? கல்லுக்குள்ள கைய விடச் சொல்லுங்க. இருந்தா அதுவே கடிச்சுச் சொல்லும்.”

சொன்னது. ரத்தம் சொட்டும் விரலோடு அதைக் கொண்டுவந்தேன்.

காரைக்குடிக்குத் திரும்பிய மறுநாள் சீட்டில் என் பெயர் இல்லை, உங்கள் பெயர் இருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மீன் கிடைத்த இடம் ‘கடற்புல் படுகை’ என்று மாறியிருந்தது. கேட்டேன்.

“என் ஆராய்ச்சியே புல்லப் பத்தித்தானே. மீனும் அங்கேயே இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன வலிக்குது?”

உடலை நுழைத்துக்கொள்ள ஒரு பொந்து, எட்டிப் பிடிக்க நண்டு. அந்த மீனுக்குத் தேவை அவ்வளவுதான். உங்கள் கட்டுரைக்காக அதன் வீட்டையே மாற்றினீர்கள். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அப்போது உங்கள் மேசையில் கிடந்தது. நான் தலையாட்டினேன். உங்களை இகழும்போதெல்லாம் அந்தத் தலையாட்டலும் கூடவே வந்து தொலைக்கிறது.

அன்றிலிருந்து மாணவர்கள் ஆண்டுதோறும் புல்லைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நீங்கள் கண்டெடுத்த அஞ்சாளை அந்தக் கரையிலிருந்தே அழிந்துபோனது என்று இப்போது நினைவுப் பலகையில் பொறிக்கப் போகிறார்கள். போன ஞாயிறு பஸ் ஏறி மண்டபம் போய்ப் பார்த்தேன். நீங்கள் ஒருநாளும் கையை நுழைக்காத கல் இடுக்கிலிருந்து ஓர் அஞ்சாளை தலையை நீட்டி, மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பலகையைப் பொறிக்கக் கொடுப்பதற்குள் இந்த மடல் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். எழுதியவர் யார் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. ஊகிக்கட்டும். ஆனால் அடியில் என் பெயரைப் பார்த்தால், பெயருக்கான சண்டை என்று சொல்லி மீனை மறந்துவிடுவார்கள். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.